கோரைவெளிக்கும் சட்டக் காவல் வேண்டும்

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எம் வாசகர்களுக்கு நாம் புதிதாக அறிமுகஞ் செய்து வைக்க வேண்டியதில்லை. காடாகவோ, தரிசாகவோ, ஆட்சியற்றதாகவோ, பயிரிடப்படாததாகவோ கிடக்கும் நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதென்றே ஊகிக்கப்படும் என அச்சட்டம் விதித்தது. மலைநாட்டுச் சிங்களக் குடியானவன் தன் சேனை நிலத்தையும் மேய்ச்சற்றரையையும் இழந்தமைக்கு அந்த ஊகமே வழிவகுத்தது. அதே ஊகத்தின்மேல் எழுந்த கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமே தென்னிந்தியாவிலிருந்து எம் உடன்பிறப்புகள் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். நிலத்தைப் பறிகொடுத்தவனும் நிலமே இல்லாமல் வந்தவனும் ஒரே சட்டத்தின் இரு கரைகளில் நின்றனர் என்பதை நாம் மேடைகளிற் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றோம்.

இன்று எழுத முற்படுவது அச்சட்டத்தின் பார்வையாற் கெட்ட மூன்றாவதொன்றைப் பற்றியாகும். மலைப் பள்ளத்தாக்குகளின் அடியிலே, கோரை அடர்ந்து, ஆண்டு முழுவதும் நீர் ஊறிக் கிடக்கும் ஈரப் புல்வெளியே அது. மரம் இல்லாமையால் அதனைக் காடு என்பதற்கில்லை. உழவு இல்லாமையால் வயல் என்பதற்குமில்லை. கால் வைத்தால் முழங்கால் வரை புதையுமாதலால் மேய்ச்சற்றரை என்றும் துணிந்து சொல்ல முடியாது. எனவே சட்டத்தின் ஏட்டில் அது தரிசாயிற்று. தரிசு என்று பெயரெழுதப்பட்ட நிலத்தை எவன் எதற்காக எடுத்தாலும் அது அபிவிருத்தி என்றே கணிக்கப்படுகின்றது. அந்தப் பெயர் பொய்யானது என்பதும், அப்பொய்யின் விலையை மலையுச்சி முதல் கடற்கரை வரை வாழும் கமக்காரர் செலுத்துகின்றனர் என்பதும் எம் வாதம்.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் எம்மவர் பலர் விடியற்காலையில் வாகனத்தில் இறங்கி, உலக முடிவு என்னும் பாதாளத்தை எட்டிப் பார்த்து, படம் பிடித்து, குளிருக்குத் தேநீர் அருந்தித் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் நடந்து செல்லும் பாதையின் இருமருங்கிலும் உள்ள தாழ்நிலங்களைக் கவனிப்பார் அரியர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், கிரிகல்பொத்த, தொட்டுபொல ஆகிய சிகரங்களின் அடியில் விரிந்துள்ள இவ்வெளியைச் சிங்கள மக்கள் மகா எலிய என்பர். 'எலிய' என்பது வெளிச்சத்தையும் திறந்த நிலத்தையும் குறிக்கும் சொல். எம் வன்னிமக்கள் வயற்பரப்பை 'வெளி' என்று வழங்குவதை நினைத்தால், இரு மொழியாரும் நிலத்தை ஒரே கண்கொண்டு பார்த்திருக்கின்றனர் என்றே தோன்றுகின்றது. 1834 இல் வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் சிலர் அங்கு ஏறி, அப்போதைய தேசாதிபதியின் பெயரை அதற்குச் சூட்டினர். தேசாதிபதி போனார், பெயர் நிலைத்துவிட்டது.

பாடசாலைப் பூமிசாத்திர நூல்களில் இவ்வகை நிலம் ஈரப்பத்தனை எனப்படும். மேட்டில் முரட்டுப் புற்கள் கற்றை கற்றையாக நிற்கும். சரிவு இறங்க இறங்க மண் கறுக்கும், ஈரம் ஏறும். அடியிலுள்ள குழிவான தாழ்நிலத்தில் புல் குறைந்து கோரை மிகும். ஓடையோரங்களிற் குட்டை மூங்கிற் புதர்கள் நிற்கும். மெல்ல நகரும் நீரில் ஐசொலெப்பிஸ் என்னும் மிதக்கும் கோரையும், எம் குளத்துக் கொட்டியின் இனத்தைச் சேர்ந்த அப்பொனோகெற்றன் வகை ஒன்றும், பூச்சியைப் பிடித்துண்ணும் யூற்றிக்குலேரியா என்னும் சிறு பூண்டும் வளரும். அக்கொட்டி இனம் இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லை. அந்த ஓடைகளின் குளிர்நீரில் மட்டுமே வாழும் சிற்றிறால் ஒன்றும் உண்டு. அந்தி சாயும் வேளையில் மரைக் கூட்டங்கள் காட்டை விட்டு இவ்வெளிக்கு மேய வருகின்றன.

கோரை என்றதும் எம் கமக்காரர் முகஞ் சுளிப்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நெல்வயலிலும் வெங்காயப் பாத்தியிலும் பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டிய முதுகு அது. ஆனால் அந்தப் பிடிவாதத்தின் இரகசியமே மலையிற் பயனாக மாறுகின்றது. புல்லின் தண்டை விரலில் உருட்டினால் உருளும். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று விளிம்புடையது, உள்ளே நிறைந்தது. நீர் தேங்கிய மண்ணிற் காற்று இல்லை, ஆகவே சாதாரணப் பயிரின் வேர் மூச்சுத் திணறி அழுகும். ஈரநிலக் கோரையோ இலையிலிருந்து வேர் வரை தன் உடலுக்குள்ளேயே காற்றுக் குழல்களை அமைத்துக்கொண்டு, அங்கிருந்து வேருக்கு மூச்சு அனுப்புகின்றது. அதன் நிலத்தடித் தண்டு பக்கமாகப் படர்ந்து, கிளைத்து, மறுபடியும் வேரூன்றி, பாய் பின்னியதுபோல மண்ணைப் பிணைத்துக்கொள்கின்றது. பெருமழைக்கு ஓடை கரைபுரண்டு ஓடும்போது அந்தப் பின்னல் கரையை விட்டுக்கொடுப்பதில்லை. பாய் முடையக் கோரை உதவும் என்பதை அறிந்த நாம், நிலத்துக்கே பாய் முடைவது கோரை என்பதை அறியாதிருந்தோம்!

மேட்டிலும் சரிவிலும் காடு நிற்க, பள்ளத்தாக்கின் அடியில் மட்டும் மரம் ஏன் இல்லை என்ற வினா நெடுங்காலமாக அறிஞர்களை அலைக்கழித்து வந்துள்ளது. குளிர்ந்த காற்று கனமானது. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்திற் குளம்போலத் தேங்குகின்றது. விடியலில் அங்கே உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். மரக்கன்றின் இளந்தளிர் அதிற் கருகும், நிலத்தோடு ஒட்டிய கோரையின் குருத்தோ தப்பும். இதனோடு நீர்த்தேக்கமும் சேர்ந்தால் மரத்துக்கு அங்கு இடமில்லை. மனிதன் வைத்த தீயே புல்வெளியை உண்டாக்கியது என்று வாதிப்போரும் உளர். தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அடியிலுள்ள ஈரவெளியைப் பொறுத்தவரை தீயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போதிய சாட்சியமின்றித் தீர்ப்பளிப்பதாகும்.

சாட்சியம் வேறிடத்தில் இருக்கின்றது. கோரை மடிந்தால் அதன் தண்டும் வேரும் நீருக்குள் வீழ்கின்றன. காற்றும் வெப்பமும் இல்லாத அந்நீரில் அவை முற்றாக உக்குவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பீற் என்று சொல்லப்படும் கரிய படிவாகின்றன. காற்றில் வந்த மகரந்தத் தூளும் அதனுள்ளே அடுக்கடுக்காகச் சேமிக்கப்பட்டிருக்கும். பிரேமதிலக்க, றிஸ்பேர்க் என்னும் ஆய்வாளர் இருவர் ஹோட்டன் சமவெளியின் சதுப்பிற் குழாய் இறக்கி எடுத்த படிவுகளை ஆராய்ந்து 2003 இல் முடிவுகளை வெளியிட்டனர். 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மழையின் ஏற்றத் தாழ்வும், காட்டின் விரிவும் ஒடுக்கமும், மனிதனின் மேய்ச்சலும் பயிர்ச் செய்கையும் அப்படிவில் எழுதப்பட்டிருக்கக் கண்டனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1993 இல், நீலகிரியின் பீற் படிவிலிருந்தும் சுகுமாரும் அவரோடு உழைத்தோரும் அத்துணைப் பழமையான காலநிலை வரலாற்றைப் படித்துக் காட்டினர். இந்நாட்டில் எவன் முதலில் வந்தான் என்று ஓயாது வழக்காடும் எம் அரசியல்வாதிகள் யாவரும் பிறக்குமுன்னரே, அவர்களுடைய மூதாதையர் அனைவருக்கும் முன்னரே, இந்தச் சேறு அங்கு ஆட்சி பெற்றுவிட்டது. இத்தகைய நிலத்தை ஆட்சியற்ற நிலம் என்று 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அழைத்ததை என்னென்பது!

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரவெளி ஒரு பஞ்சு, மழையில் உறிஞ்சிக் கோடையிற் பிழிந்து கொடுக்கும் என்று பேச்சாளர்கள் கூறுவதுண்டு. அது பாதி உண்மையே. ஏற்கனவே நனைந்த பஞ்சு மேலும் உறிஞ்சாது. நிறைந்து நிற்கும் சதுப்பின்மேல் விழும் மழை பெரும்பாலும் மேலால் ஓடிவிடும். அதன் தொழில் வேறுவகையானது. சரிவிலுள்ள காட்டு மண் குடித்த மழைநீர் மெல்ல மெல்ல அடியால் வடிந்து பள்ளத்தாக்கிற்கு வருகின்றது. அடியிலே பீற்றும் வேர்ப்பின்னலும் அந்நீருக்கு ஒரு வாயிற்படிபோல நிற்கின்றன. அந்தப் படி உயர்ந்திருக்கும் வரை, பின்னாலுள்ள சரிவின் நிலத்தடி நீரும் உயர்ந்தே நிற்கும், கோடையில் ஊற்று ஓயாது. வெள்ளம் வரும்போது கோரைத் தாள்களுக்கிடையே அது பரந்து வேகமிழக்கின்றது, வண்டலும் அங்கேயே இறங்கிவிடுகின்றது. வன்னியிற் குளக்கட்டுக்கும் அலைகரைக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மலைக்கு இயற்கை கட்டிக் கொடுத்த குளம் அது. கலிங்கும் அதுவே, கட்டும் அதுவே.

அந்தப் படியை உடைப்பதற்கு டைனமைற்று வேண்டாம், மண்வெட்டி போதும். ஈரவெளியின் நடுவே மூன்றடி ஆழத்தில் ஒரு வடிகாலை வெட்டுங்கள். நீர்மட்டம் அவ்வடிகாலின் அடிக்கு இறங்குகின்றது. பல்லாயிரம் ஆண்டு காற்றையே காணாத பீற் காற்றைக் கண்டவுடன் உக்கத் தொடங்குகின்றது. முதற் சில போகங்களில் விளைச்சல் அபாரமாயிருக்கும், ஏனெனில் அதுவரை அடைபட்டிருந்த ஊட்டம் வெளிப்படுகின்றது. அதைக் கண்டு அயலானும் வெட்டுகின்றான். பின்னர் மண் தாழ்கின்றது. தாழ்ந்த மண்ணில் மறுபடி நீர் நிற்க, வடிகாலை மேலும் ஆழமாக்க வேண்டும். ஊட்டம் தீர்ந்தபின் பசளையை மூடைமூடையாகக் கொட்ட வேண்டும். கோரை போனபின் கரையைப் பிடிக்க எதுவுமில்லை. வடிகால் ஓடையாகி, ஓடை பள்ளமாகி, மாரியில் மண் பெருகிக் கீழேயுள்ள நீர்த்தேக்கத்தை நிரப்பும், கோடையில் ஊற்று வற்றும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தால், உரமின்றி ஒரு போகமும் தாங்காத நிலைக்கு அம்மண் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும்.

நுவரெலியாவின் வரலாறு இதற்கு நல்ல பாடம். கியூ தாவரவியற் பூங்காவின் தலைவரான சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு 1873 இல் இலங்கை அரசாங்கத்துக்கு ஆலோசனை வழங்கினார். அதன்படி காடழித்தலைத் தடுக்கும் கட்டளையும் பிறந்தது. அந்த ஆலோசனை இல்லையேல் எம் மலைகளின் தலை முழுவதும் மொட்டையாகியிருக்கும், அதற்கு நன்றி கூறுவோம். ஆனால் அதே 1873 இல், அதே மலைநாட்டிலே, தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் அனுமதியுடன் பிதுருதலாகலையிலிருந்து இறங்கும் ஓடை அணைகட்டி மறிக்கப்பட்டது. மலையடியிற் சதுப்பாய்க் கிடந்த நிலம் வாவியாயிற்று. நகரம் விரிவதற்கு வேறு நிலமும் கிடைத்தது. மரத்தைக் காக்கக் கையெழுத்திட்ட அரசு, அம்மரத்தின் காலடியிலிருந்த ஈரவெளியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அக்காலத்தவரின் அறிவுக்கு அவ்வளவே எட்டியது என்று விட்டுவிடலாம். நூற்றைம்பது ஆண்டு கழிந்தபின்னும் எம் அரசாங்கங்களின் அறிவுக்கு அவ்வளவே எட்டுகின்றதென்றால் அதை விட்டுவிட முடியாது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. உதகமண்டலத்தில் ஜோன் சலிவன் 1820 களில் ஏரி கட்டியதும் இத்தகைய பள்ளத்தாக்கிலேயே. பின்னர் அந்த ஏரியின் ஒரு பகுதியும் தூர்க்கப்பட்டுக் குதிரைப் பந்தயத்திடலாயிற்று. வெள்ளைக்காரன் சென்ற மலைவாசத் தலங்களிலெல்லாம் ஒரே படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தான்போலும்! ஆனால் அதே நீலகிரியில் தோடர் மக்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல், சதுப்பில் மட்டுமே வளரும் ஓரினம். சதுப்பு வற்றினால் கோயிலுக்குக் கூரையில்லை. அவர்கள் கண்ணில் அந்நிலம் ஒருநாளும் தரிசாக இருந்ததில்லை. சீகை மரமும் தைல மரமும் நட்டு அப்புல்வெளிகளை மூடிய அதிகாரிகள் எவரும் தோடரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹோட்டன் சமவெளியிலும் 1960 களில் அரசாங்கமே விதை உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பார்த்துப் பின்னர் கைவிட்டது. 1969 இல் அது சட்டப் பாதுகாப்புப் பெற்று, 1988 இல் தேசியப் பூங்காவாகவும், 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் ஆயிற்று. ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் தப்பியது. அதற்கு வெளியே, அம்பேவெல, பட்டிப்பொல, கந்தப்பளை, மீப்பிலிமான முதலிய இடங்களின் பள்ளத்தாக்குகளிற் கரிய மண் கண்ட இடமெல்லாம் வடிகாலும் பாத்தியுமாயின. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாம் உண்ணும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பெருமளவு அவ்வயலிலிருந்தே வருகின்றன. உண்பவர் நாமாயிருக்க, விளைவிப்பவனைக் கள்வன் என்று அழைக்கும் உரிமை எமக்கில்லை.

சட்டம் என்ன செய்கின்றது? பூங்காவுக்கு நில அளவைத் திணைக்களம் கல் நட்டிருக்கின்றது. அவ்வெல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் புதிய அபிவிருத்தி வேலை செய்வதற்கு அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் ஒருவன் தன் பாத்தியில் வடிகாலை இரண்டடி ஆழமாக்குவது எந்த அதிகாரியின் கண்ணுக்கு அபிவிருத்தியாகத் தெரியும்? ஈரவெளி உயிர்வாழ்வது எல்லைக் கல்லினால் அன்று, நீர்மட்டத்தினால். எல்லைக்கு வெளியே படியை உடைத்தால் எல்லைக்குள்ளே ஊற்று வற்றும். சட்டம் நீளத்தையும் அகலத்தையும் அளக்கின்றது, ஆழத்தை அளப்பதில்லை.

இது எம் வழக்கத்துக்கு அந்நியமான கருத்தன்று. யாழ்ப்பாணத்து உறுதிகளை எடுத்துப் பாருங்கள். நாற்புற எல்லை எழுதியபின் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதாத நொத்தாரிசு உண்டா? காணியோடு நீரும் சேர்ந்தே கைமாறுகின்றது என்பதை எம் பாட்டனார் எழுத்திலேயே வைத்தனர். மிதமிஞ்சி இறைத்தால் உவர் ஏறும் என்பதைச் சுண்ணக்கல்லின்மேல் தோட்டஞ் செய்பவன் எவனும் அறிவான். அயலவன் இறைக்கும் ஆழம் தன் கிணற்றையும் தொடும் என்பதையும் அறிவான். அந்த அறிவை மலைநாட்டுப் பள்ளத்தாக்குக்குச் சட்டமாக எழுதித் தருமாறே கேட்கின்றோம். ஈரநிலங்களுக்கான றாம்சார் உடன்படிக்கையில் இலங்கை 1990 இல் இணைந்தது. அவ்வாண்டு முதல் 2013 வரை புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என ஆறு இடங்கள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. ஆறும் கரையோரத்திலோ தாழ்நிலத்திலோ உள்ளவை. மலையின் ஈரவெளி ஒன்றேனும் அப்பட்டியலில் ஏறவில்லை. பறவை கூட்டமாக இறங்கும் நீர்ப்பரப்பே ஈரநிலம் என்ற எண்ணம் போலும்.

இவ்விடத்தில் எம் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவர். மலையகத் தமிழனுக்குக் குந்தியிருக்க ஒரு குழி நிலமில்லை, நீங்களோ கோரைக்குக் காணி கேட்கின்றீர்கள் என்பர். கேள்வி நியாயமானது, அதை மழுப்பக்கூடாது. 1948 இல் பிரசாவுரிமையைப் பறித்தபோது அம்மக்களுக்கு நிலமும் எட்டாக்கனியாயிற்று. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும், லயத்திலிருந்தவன் லயத்திலேயே இருந்தான். பிற்காலத்தில் வீட்டுக்கு 7 பேர்ச் என்ற பேச்சு எழுந்தது. அதுவும் பெறாமல் காத்திருப்போர் இன்னும் பெருந்தொகையினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழை மலைகளைச் சரித்தது. நாடெங்கும் 600 க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. செங்குத்தான சரிவில், ஆளொழிந்த தேயிலை மலையின் அடியில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரு சமுதாயத்தை நெருக்கி வைத்திருந்ததன் விளைவை அன்று நாடு கண்டது.

அம்மக்களைப் பாதுகாப்பான இடத்தில் இருத்த வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் எங்கே? மலைநாட்டிற் சமதரையாகவும் வெறுமையாகவும் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியே. தரிசு என்று ஏட்டிலும் எழுதியிருக்கின்றது. கம்பனியும் மறுக்காது, தேயிலை வளரும் நிலத்தில் ஓரங்குலமும் குறையாதல்லவா! இதுவே நாம் அஞ்சும் ஏற்பாடு. பீற்றின்மேல் எழுப்பிய சுவர் மண் தாழத் தாழ வெடிக்கும். மலக்குழி நீர் ஓடையிற் கலக்கும். அடுத்த பெருமழைக்கு முதலில் வெள்ளம் ஏறுவதும் அங்கேதான். சரிவிலிருந்து சதுப்புக்கு மாற்றுவதை மீள்குடியேற்றம் என்று எம் தலைவர்கள் எவரேனும் கைதட்டி வரவேற்பாராயின் அவர்களை நாம் ஆதரிக்கமாட்டோம். தோட்டங்களுக்குள்ளேயே தேயிலை கைவிடப்பட்டு வெறுமையாய்க் கிடக்கும் மென்சரிவு நிலம் உண்டு. உறுதியான மண்ணுடைய அந்நிலத்தை, உறுதிப்பத்திரத்தோடு, தொழிலாளர் குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள். கோரைக்கும் கூலிக்கும் இடையே நிலத்தைப் பங்கிடுவதாகப் பேசுவது, பெரும்பங்கை வைத்திருப்பவனைப் பேச்சிலிருந்து தப்பவிடுவதாகும்.

மறுபுறத்தில் வனத்தின் பெயரால் பேசும் உத்தியோகத்தருக்கும் ஒரு சொல். அரை ஏக்கரில் வட்டிக்கடனோடு கரட் போடும் ஏழையின் வாசலில் முதலில் அறிவித்தலை ஒட்டும் வழக்கத்தை விடுங்கள். நீண்ட வடிகாலை வெட்டியவர்கள் யாரென்பது உங்கள் கோப்புகளிலேயே உண்டு. அரசுப் பண்ணைகளும் கம்பனிகளும் பிடித்திருக்கும் ஈரவெளிகளில் முதலில் வடிகாலை அடையுங்கள். அது பெருஞ்செலவான வித்தையன்று. வெட்டிய வாயை மண்ணாலும் மரத்தாலும் இடைவிட்டு இடைவிட்டு அடைத்தால் நீர்மட்டம் மீளும், கோரை தன் நிலத்தைத் தானே மீட்கத் தொடங்கும். பிரித்தானியாவின் மேட்டுநிலங்களிலும் கலிபோர்னியாவின் சியெறா நெவாடா மலைப் புல்வெளிகளிலும் இவ்வழியிற் பல இடங்களை மீட்டு வருகின்றனர். உக்கிப்போன பீற் திரும்பாது, அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். இருப்பதை நிறுத்தலாம். சிறு செய்கையாளனைப் பொறுத்தவரை, மாற்று நிலம் கையிற் கொடுக்கப்படும் வரை அவனை அசைக்கக்கூடாது.

ஹோட்டன் சமவெளியில் ஊறும் நீர் மூன்று திசையாகப் பிரிகின்றது. ஒன்று பொகவந்தலாவைப் பக்கமாக இறங்கிக் களனியாகிக் கொழும்பின் தாகத்தைத் தணிக்கின்றது. ஒன்று பெலிஹுல் ஓயாவாகி வளவை கங்கையைச் சேர்கின்றது. மற்றது அக்ரா ஓயாவாகிக் கொத்மலை வழியே மகாவலியோடு கலந்து, ஏறத்தாழ 335 கிலோமீற்றர் ஓடும் அந்நதியின் முடிவில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் வீழ்கின்றது. மகாவலி என்றதும் எம்மவர் நெஞ்சில் எழுவது குடியேற்றத் திட்டமே, அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. ஆனால் அந்நீரை எவர் பங்கிட்டார் என்று வழக்காடுபவர்கள், அந்நீர் எங்கே தேங்கி எவ்வாறு வருகின்றது என்றும் கேட்கவேண்டும். மூதூரிலும் வெருகலிலும் விதைப்பவனுக்கும் அம்பேவெலப் பள்ளத்தாக்கிலுள்ள வடிகாலுக்கும் தொடர்புண்டு. பங்கு கேட்கும் பொருளே குறைந்து வருகின்றதென்றால் வழக்கில் வென்றவனுக்கு என்ன கிடைக்கும்?

தேசியச் சுற்றாடற் சட்டம் 1980 முதல் நடைமுறையில் உள்ளது. மலை ஈரவெளி என்ற ஒரு வகையை அதிலே வரைவிலக்கணத்தோடு சேர்ப்பதற்கும், அவ்வகை நிலத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்தும் எந்த வெட்டும் அனுமதியின்றிச் செய்யப்படலாகாது என்று விதிப்பதற்கும் புதிய அரசியலமைப்பு எதுவும் தேவையில்லை. தோட்டக் கம்பனிகளின் குத்தகைகள் 2045 இல் முடிவடைய உள்ளன. அவற்றை நீடிக்கும் பேச்சு அதற்கு நெடுநாள் முன்னரே திரைமறைவில் தொடங்கும் என்பதை அறியாதவர் எவருமில்லை. அப்பேச்சு முடியுமுன் ஒவ்வொரு தோட்டத்திலும் ஈரவெளி எத்தனை ஏக்கர், அதில் வெட்டப்பட்ட வடிகால் எத்தனை, தேயிலை கைவிடப்பட்ட மென்சரிவு எத்தனை ஏக்கர் என்று தனித்தனியே அளந்து சபையில் வைக்குமாறு எம் உறுப்பினர்கள் பெருந்தோட்ட அமைச்சரிடம் கேட்கவேண்டும். மூன்று எண்களும் ஒரே தாளில் வரட்டும்.